கூவம் செய்த குற்றம் என்ன?

சென்னையில் நேப்பியர் பாலத்தைக் கடப்போர் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் அவ்வாறே செய்திருக்கிறோம். கைக்குட்டை மூக்கை நாடுகிறது, வாய், "சீ, கூவம்!" என்கிறது. விசாரணையின்றியே நதிக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது. "எல்லாம் கிருமிகளின் வேலை" என்று காரணம் சொல்வோரும் உண்டு. அந்தக் கிருமிகளின் கட்சியையும் சற்றே கேட்பது நியாயமன்றோ?

கரையோரக் கடல் ஜலம் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நமக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. இறந்த மீன், உதிர்ந்த இலை, மனிதர் கழித்த கழிவு எல்லாவற்றையும் அவை ஒருவகைச் சாற்றைச் சுரந்து கரைத்து உண்கின்றன. எஞ்சும் உப்புச் சத்துக்கள் பாசிகளுக்கு உரமாகின்றன. பாசியை நம்பி மீன்; மீனை நம்பி மனிதர்.

இவ்வேலை செவ்வனே நடப்பதைக் காண விரும்பும் நேயர்கள் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குச் செல்லலாம். அங்கே உப்பங்கழியில் விழும் சுரபுன்னை இலைமீது பாக்டீரியாக்களும் பூஞ்சணமும் படர்கின்றன. இலை மட்க மட்க, அதில் புரதத்தின் விகிதம் உயர்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் பச்சை இலையைவிட அந்த மட்கிய இலையே சத்துள்ள ஆகாரம். அங்கும் அடிச் சேற்றைக் கிளறினால் துர்நாற்றம் சிறிது எழத்தான் செய்யும்; ஆனால் அது சேற்றோடு அடங்கி நிற்கிறது.

கூவத்தில் மட்டும் அது ஊரெங்கும் பரவுவானேன்? நம்மைப் போலவே இப்பாக்டீரியாக்களுக்கும் பிராணவாயு வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருப்பதோ ஏறக்குறைய 6 மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் சாக்கடைக் கழிவைச் சிதைக்க 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் தேவைப்படும். அதாவது, நாம் அனுப்பும் ஒரு லிட்டர் கழிவு முப்பது லிட்டருக்கு மேற்பட்ட கடல் நீரின் பிராணவாயுவைக் குடித்துவிட வல்லது. முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக்கொண்டால், அலையும் உள்ளே வந்து உதவ இயலாது.

பிராணவாயு தீர்ந்ததும் மீன்கள் மடிகின்றன. வேறு வகைப் பாக்டீரியாக்கள் தலையெடுக்கின்றன. அவை கடல் நீரிலுள்ள கந்தக உப்பைக் கொண்டு ஜீவித்து, ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமும், வெள்ளிப் பாத்திரம் கறுப்பதும் இவ்வாயுவின் கைங்கரியமே. அதைத் தயாரித்தவை பாக்டீரியாக்கள். தயாரிக்கும்படி செய்தவர்கள் நாம்.

பரிகாரமும் அவற்றிடமே இருக்கிறது. 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், முன்பு படிந்த சேற்றை வெளியேற்றாது வைத்துக்கொண்டு கழிவு நீருக்குள் காற்றை ஓயாது செலுத்தினால் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே அதைத் தெளிவித்துவிடும் என்று நிரூபித்தார்கள். இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் பல அம்முறையையே பின்பற்றுகின்றன. நதியில் மூச்சுத் திணறிச் செய்யும் வேலையைத் தொட்டியில் மூச்சு விட்டுச் செய்ய அவை தயார். நம் வீட்டுக் கழிவு ஒவ்வொரு துளியும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் நதியை அடைகிறதா என்று கேட்டறிவது நம் கடமை.

அடுத்த முறை பாலத்தைக் கடக்கையில் மூக்கைப் பொத்திக்கொள்வதில் தவறில்லை. பழியை மட்டும் நதியின்மீது போடாதிருப்போம்.