பட்டும் கோட்டாவும்

வர்த்தகம் என்பது வாங்குவோனும் விற்போனும் மாத்திரம் சம்பந்தப்பட்ட விடயமென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அரசாங்கத்தின் பேனாவும் அதில் ஒரு பங்காளி என்பதை 1934ஆம் ஆண்டின் சரித்திரம் உணர்த்துகின்றது.

அக்காலத்தில் யப்பானியப் பருத்தித் துணியும் செயற்கைப் பட்டும் இலங்கைக் கடைகளில் மலிவாக விலைப்பட்டன. உலக வர்த்தக மந்தத்தினால் இறப்பரும் கொப்பறாவும் விலை வீழ்ந்திருந்த அந்நாளில், வறியோர்க்கு அம்மலிவுத் துணி பேருதவியாயிற்று. லங்காஷயர் ஆலைகளுக்கோ அது பெருநட்டம். ஆதலின் 1934 மே மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம், குடியேற்ற நாடுகள் அந்நியத் துணிக்குக் கோட்டா விதித்தல் வேண்டுமெனக் கோரிற்று. 1927 முதல் 1931 வரையான இறக்குமதியின் சராசரியே அளவுகோல். 1931 டிசம்பரில் யென் நாணயம் பொன்னடிப்படையைக் கைவிட்டு மதிப்பிழந்த பின்னரே யப்பானியத் துணி பெரிதும் பெருகியமையால், அக்கோல் யாரைக் குறிவைத்ததென்பது வெளிப்படை. சர்வசன வாக்குரிமையாற் பிறந்த எமது அரசாங்க சபை இணங்கவில்லை. இலண்டனிலிருந்து அரச கட்டளை மூலம் கோட்டா சுமத்தப்பட்டது.

கோட்டாவினால் வர்த்தகர்க்கு நேர்வது யாது? தீர்வையாயின், அதனைச் செலுத்தி எவரும் சரக்கை இறக்கலாம். பணமும் திறைசேரியைச் சேரும். கோட்டாவிலோ சரக்கு அருகி விலை ஏறுகின்றது. ஏறிய இலாபம் அனுமதிப் பத்திரம் பெற்றவர் கைக்கே போகின்றது. பழைய கணக்கைப் பார்த்துப் பங்கு வழங்குமிடத்து, புதிதாகக் கடை திறக்கும் இளைஞனுக்கு வாசல் அடைபடுகின்றது. சரக்கின் தரமறிந்து வாங்குந் திறமையிலும், கந்தோர் வாசலிற் காத்துநிற்குந் திறமையே பெரிதாகின்றது.

கட்டுப்பாடே ஆகாதென நாம் கூறவில்லை. அந்நியச் செலாவணி அருகும்போது, உணவுக்கும் மருந்துக்கும் பின்னரே பட்டு என்பதில் ஐயமில்லை. 1977க்கு முன்னரும் 2020இலும் இந்நாடு அத்தகைய நெருக்கடிகளைக் கண்டது. ஆனால் அத்தேவை எமது நாட்டினதாதல் வேண்டும். பங்கு பெற்றோர் விபரம் பகிரங்கமாதல் வேண்டும். முடிவுத் திகதி முன்கூட்டியே குறிக்கப்படல் வேண்டும். தீர்வை போதுமாயின் கோட்டா வேண்டா.

எமது கல்லூரியின் பழைய மாணவர் சிலர் கடையில் அமர்ந்திருக்கின்றனர். சிலர் பத்திரம் வழங்கும் மேசையில் அமர்ந்திருக்கின்றனர். ஒரே வாங்கிலிருந்து படித்த இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்தவர் என்பதற்காகச் சலுகை நாடாது, அறிமுகமற்ற சிறு வியாபாரிக்கும் நீதி கிடைக்கச் செய்வரேல், அதுவே கல்லூரித் தாய்க்கு அவர்கள் சூட்டும் பட்டாகும்.