நிஜாத் என்றொரு பெயர்

2023 ஆகஸ்ட்டில் 'பாக்கு, பாக்கு' என்று நாடே பேசியது. வெற்றிலையோடு போடுகிற சமாசாரம் அல்ல. அஜர்பைஜானின் தலைநகரம். அங்கே நடந்த உலகக் கோப்பை செஸ்ஸில் நம்ம பிரக்ஞானந்தா ஃபைனல்ஸ் வரை போய் கார்ல்ஸனிடம் தோற்றார். அந்தப் பரபரப்பில் ஒரு உள்ளூர்க்காரரைக் கவனிக்க மறந்துவிட்டோம். காலிறுதியில் விதித் குஜராத்தியை ஊருக்கு அனுப்பிவைத்த நிஜாத் அபாசோவ்.

நிஜாத் என்பது அரபியின் 'நஜாத்'. ஈடேற்றம், ஆபத்திலிருந்து தப்புதல் என்று அர்த்தம். நம்ம ஊர் முஸ்லிம் நண்பர்களைக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அரபு நாடுகளில் இது பெரும்பாலும் பெண்கள் பெயர். எகிப்தின் பிரபல பாடகி ஒருவர் நஜாத் அல் சகீரா. அதே பெயர் பாக்கு வந்து சேர்ந்ததும் மீசை முளைத்து 'நிஜாத்' ஆகிவிட்டது!

அபாசோவ்? 'அப்பாஸ்' அரபி, நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை பெயர். வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஓவ்' ரஷ்யாக்காரர்கள் உபயம். ஆக, ஆளின் பெயரிலேயே அந்த நாட்டின் சரித்திரம் இருக்கிறது.

எழுதுகிற விஷயம் இன்னும் கூத்து. அவர்கள் 'ஜ'வுக்குப் போடுவது ஆங்கிலத்து 'சி'. விவரம் தெரியாதவர் 'நிகாட்' என்றுதான் வாசிப்பார். முதலில் அரபு எழுத்தில் எழுதினார்கள். 1920-களில் லத்தீனுக்கு மாறினார்கள். 1939-ல் ஸ்டாலின் காலத்தில் ரஷ்ய எழுத்துக்கு மாறு என்று சட்டம் வந்தது. 1991-ல் சுதந்திரம் கிடைத்ததும் மறுபடி லத்தீன். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பிள்ளை நாலு பேருக்கும் ஒரே பெயர் வைத்திருந்தாலும், நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே மாதிரி எழுதியிருக்க மாட்டார்கள்.

சிரிப்பதோடு விட முடியவில்லை. 1930-களின் களையெடுப்பில், அரபு எழுத்துப் புத்தகம் வீட்டில் இருந்தாலே ஆபத்து என்று பயந்து பலர் ஒளித்தார்கள், எரித்தார்கள். தப்பிப் பிழைத்த கடிதத்தைப் பேரன் கையில் கொடுத்தால் அவனுக்கு அது வெறும் கோலம். தாத்தா திட்டியிருக்கிறாரா, சொத்து எழுதி வைத்திருக்கிறாரா என்பதற்கே ஆள் தேட வேண்டும்! நமக்கு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 'லை', 'னை'யின் தும்பிக்கை போனதற்கே எவ்வளவு முணுமுணுப்பு! இருந்தும் தாத்தா கடிதத்தை இன்றைக்கும் படித்துவிடுகிறோம். அந்த அதிர்ஷ்டத்தின் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை.

நம்ம நிஜாத்துக்குப் பெயர்ப் பொருத்தம் ஒரு தடவை வேலை செய்தது. உலகக் கோப்பையில் முதல் மூவருக்குத்தான் கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம். இவர் நாலாவது. கார்ல்ஸன் 'எனக்கு வேண்டாம்' என்று ஒதுங்க, இவருக்கு அடித்தது யோகம். 2024-ல் டொரொன்டோ போய் 14 ஆட்டங்களில் மூன்றரை பாயின்ட் எடுத்துக் கடைசியாக வந்தார். ஜெயித்தது நம்ம குகேஷ்.

பெயர் வாசல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போய் காயை நாமதானே நகர்த்தணும்!