ஊட்டியில் சத்தத்துக்கும் குளிரும்!

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயில் விசில் அடிக்கிறது. வெயில் 35 டிகிரி என்றால், அந்தச் சத்தம் மணிக்குச் சுமார் 1,270 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். ஊட்டியில் 15 டிகிரி குளிரில் அடித்தால்? சுமார் 1,225தான். காற்று குளிரக் குளிர, ஒலியின் வேகமும் குறையும்.

'மாக்' கணக்கின் சூட்சுமமே இதுதான். விமானத்தின் வேகத்தை, அது பறக்கும் இடத்தில் ஒலிக்கு இருக்கும் வேகத்தால் வகுத்தால் மாக் எண். நம் சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ், மாக் 1-ஐத் தாண்டக்கூடியது. ஆனால் அந்த மாக் 1, உயரே 36,000 அடியில், மைனஸ் 56 டிகிரியில் சுமார் 1,062 கி.மீ.தான்!

விமானத்தின் வேகமானி, எதிர்க்காற்று 'பிடோ' குழாய்க்குள் தரும் அழுத்தத்தை வைத்து வேகம் சொல்கிறது. அந்த உயரத்தில் காற்று மெலிசு. அதனால் பயணிகள் விமானம் மாக் 0.8-ல், அதாவது 850 கி.மீ. வேகத்தில் பறந்தாலும், வேகமானி 500-க்கும் கீழேதான் காட்டும். 'மெதுவாகத்தானே போகிறோம்' என்று விரட்டினால், இறக்கைமேல் அதிர்ச்சி அலைகள் வலுத்து விமானம் உதறும். ரொம்பக் குறைத்தாலோ, இறக்கை தாங்காது. அதனால்தான் விமானிக்கு வேகமானியும் வேண்டும், மாக் மீட்டரும் வேண்டும்.

அடுத்தமுறை மலை ரயிலில் போகும்போது, குன்னூரில் ஸ்வெட்டரை எடுக்கிறீர்களா? ரயிலின் விசிலும் அங்கே கொஞ்சம் நிதானமாகியிருக்கும்!