உரோமாபுரியில் ஒரு கவளம்



மூன்றாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, கணவரோடும் எழுபது வயதைக் கடந்த மாமியாரோடும் உரோமைக்குத் திருயாத்திரை செல்லவிருக்கும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். எந்தெந்தப் பேராலயங்களைக் காண வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அதனைச் சொல்லப் பங்குத்தந்தையும் வழிகாட்டி நூல்களும் இருக்கின்றனவாம். "ஐயா, அத்தைக்குச் சர்க்கரை நோய். வேளைக்கு உணவு வேண்டும். அந்தப் பெருநகரில் நாங்கள் எங்கே, எப்படிச் சாப்பிடுவது?" என்பதே அவரது வினா.

இதனை அற்பமான கேள்வி என்று சிலர் எண்ணக்கூடும். 2018ஆம் ஆண்டுவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு என் அன்னையை உரோமைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதல் நாள் நண்பகல், புகழ்பெற்ற சதுக்கம் ஒன்றின் ஓரத்தில், வாசலில் நின்று வருவோர் போவோரையெல்லாம் கைகூப்பாத குறையாக அழைத்துக்கொண்டிருந்தவரின் பேச்சில் மயங்கி ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்தோம். மீன் விலை 7 யூரோ என்று அட்டையில் கண்டேன். மலிவுதான் என்று மகிழ்ந்து வரவழைத்தேன். சீட்டு வந்தபோதுதான் அந்த விலை முழு மீனுக்கன்று, நூறு கிராமுக்கு என்பது விளங்கிற்று. 'எத்தோ' என்று அட்டையில் சிறிய எழுத்தில் இருந்த சொல்லுக்கு நூறு கிராம் என்று பொருளாம். மீனோ அறுநூறு கிராம். 42 யூரோ! அன்று ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ எண்பது ரூபாய்.

பணம் போனது பெரிதன்று. என் தாயார் அட்டையைப் பார்த்தவுடனேயே மனத்துக்குள் எண்பதால் பெருக்கத் தொடங்கிவிட்டார். "எனக்குப் பசியில்லையப்பா, நீ சாப்பிடு" என்று இரண்டு துண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மாத்திரையை மட்டும் மறவாமல் விழுங்கியிருந்தார். மாலை நான்கரை மணியளவில், நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று என் தோளைப் பற்றினார். உடல் முழுதும் வியர்வை, கைகள் நடுங்கின. கண்ணில் பட்ட உணவு விடுதிகளின் கதவுகளைத் தட்டினேன். எல்லாவற்றிலும் சமையலறை மூடிக் கிடந்தது. தெருமுனைக் காப்பிக்கடையில் இருந்த பெண்மணி என் தாயாரின் முகத்தைப் பார்த்தவுடன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆரஞ்சுப் பழம் பிழிந்து, இரண்டு கரண்டி சர்க்கரை கலந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் அன்னைக்குத் தெளிவு வந்தது. அமர்ந்து அருந்தினால் அங்கே கட்டணம் கூடுதல். அந்தப் பெண்மணி நின்று அருந்துவோருக்குரிய விலையை மட்டுமே வாங்கிக்கொண்டார்.

ஆகவே சகோதரி அவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது கடையின் பெயரையன்று, கடிகாரத்தையே. உரோமையில் மதிய உணவு பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிந்துவிடும். இரவு உணவுக்கு ஏழரை மணிக்கு முன் பல இடங்களில் அடுப்பே எரியாது. இடைப்பட்ட அந்த நான்கைந்து மணி நேரந்தான் சர்க்கரை நோயாளிக்குப் பொல்லாத நேரம். அப்போது கைகொடுப்பவை மூன்று. ஒன்று 'பார்' எனப்படும் கடை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. அங்கே அது காப்பிக்கடையே. குழந்தைகளும் கன்னியரும்கூடத் தயக்கமின்றி நுழைவர். இரண்டாவது 'தாவோலா கால்தா'. சமைத்த பண்டங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக வைத்திருப்பார்கள். விரலால் சுட்டிக் காட்டினால் போதும், மொழி தேவையில்லை. மூன்றாவது, பீட்சாவை வெட்டி எடைபோட்டு விற்கும் கடை. எவ்வளவு வேண்டும் என்று கையால் அளவு காட்டலாம். இவற்றோடு கைப்பையில் எப்போதும் நான்கு சர்க்கரைக் கட்டிகளும் ஒரு பொட்டலம் ரொட்டித் துண்டுகளும் இருக்கட்டும். மாத்திரை வேளைகளை அந்நாட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்வது பற்றிப் புறப்படுமுன் மருத்துவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பகுதியில் உண்பது என்பது. புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொது மறைக்கல்வியுரை முடிந்ததும் பல்லாயிரவர் ஒரே வேளையில் பசியோடு வெளியே வருகின்றனர். புனித பேதுரு சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் அப்போது விலையும் கூட்டமும் எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வத்திக்கானுக்கு வடகிழக்கே பிராத்தி என்னும் பகுதி இருக்கிறது. பதினைந்து நிமிட நடை. அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிறைந்த இடமாதலால், நாள்தோறும் வந்து உண்ணும் உள்ளூராரை நம்பியே அங்குள்ள விடுதிகள் நடக்கின்றன. ஒருமுறை வந்து போகும் யாத்திரிகரை ஏமாற்றலாம். மறுநாளும் வரவேண்டிய குமாஸ்தாவை ஏமாற்ற இயலுமா? உள்ளே இத்தாலிய மொழி ஒலிக்கிறதா, முதியவர் ஒருவர் தனியாக அமர்ந்து செய்தித்தாள் படித்தபடி உண்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் துணிந்து அமரலாம். படம் போட்ட பலமொழி அட்டையும், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆளும் உள்ள இடத்தை விட்டு விலகிச் செல்லுங்கள். விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே வெளியே நின்று நிதானமாகப் படித்துவிட்டு நுழைவதில் வெட்கம் ஏதுமில்லை.

'ரிஸ்தொராந்தே' என்றால் சற்றுப் பகட்டான இடம். 'டிராட்டோரியா', 'ஒஸ்தேரியா' என்றால் குடும்பத்தார் நடத்தும் எளிய இடம் என்று முன்னாளில் வகுத்திருந்தனர். இன்று பெயர்ப்பலகையை மட்டும் நம்புவதற்கில்லை. ஒஸ்தேரியா என்று எழுதிவிட்டு அரசர் விருந்துக்குரிய விலை கேட்போரும் இருக்கின்றனர்.

அமர்ந்தபின் கவனிக்க வேண்டியவை சில. முதல் உணவு, இரண்டாம் உணவு, துணைக்கறி, இனிப்பு என்று பட்டியல் நீளும். அனைத்தையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'கொந்தோர்னோ' என்னும் துணைக்கறிப் பகுதியில் 'சிக்கோரியா' என்ற கீரை கிடைக்கும். வேகவைத்து எண்ணெயும் பூண்டும் மிளகாயும் சேர்த்து வதக்குவார்கள். சற்றே கசக்கும், நம் வீட்டு முதியோருக்குப் பிடிக்கும். கேளாமலே ரொட்டிக் கூடை வந்து சேரும். மேசையில் அமர்வதற்கென்று வாங்கிவந்த கட்டணத்தை உரோமை அடங்கிய லாசியோ மாநிலம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆயினும் ரொட்டியின் பெயரால் ஓரிரு யூரோ சீட்டில் ஏறுவதுண்டு. வேண்டாவிடில் கூடையைத் தொடாமல் திருப்பியனுப்பிவிடலாம். அன்பளிப்புக் காசு கட்டாயமன்று.

தண்ணீருக்குப் பணம் செலவிடுவது என்னைப் பொறுத்தவரை வீண். தெருவெங்கும் 'நசோனே' எனப்படும் இரும்புக் குழாய்த் தூண்கள் இரவும் பகலும் குடிநீரைச் சொரிந்துகொண்டிருக்கின்றன. நகராட்சி 1874ஆம் ஆண்டளவில் நிறுவத் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து எழும், குனியாமலே பருகலாம். முதுகுவலிக்காரருக்கு இது பெரும் உதவி.

வெள்ளிக்கிழமை வந்தால் மீன் கேளுங்கள். உப்பிட்டு உலர்த்திய கோட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். 'பக்கலா' என்பது பெயர். கருவாட்டின் தூரத்து உறவு என்று நம் கடற்கரைப் பங்கு மக்கள் உடனே கண்டுகொள்வர். வயிறு ஒத்துழைத்தால் தெஸ்தாச்சோ என்ற பகுதிக்கும் செல்லலாம். 1975 வரை நகரின் பெரிய இறைச்சிக்கூடம் அங்கேதான் இயங்கிற்று. அங்கு உழைத்தோருக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் குடலும் வாலும் கிடைத்தன. அவற்றைக் கொண்டு அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆக்கிய ஏழையின் குழம்பு இன்று ஊர் பெருமைப்படும் உணவாகியிருக்கிறது. குடற்கறியின் அருமை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுமா என்ன?

ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவை ஒட்டி, குடும்பத்தார் நடத்தும் விடுதிகள் பல அடைபட்டு விடுமுறை கொண்டாடும். செப்டம்பரில் செல்வோருக்கு இக்கவலை இல்லை. துறவற சபைகள் நடத்தும் யாத்திரிகர் இல்லங்களில் தங்கினால் காலை உணவும், சிலவற்றில் முன்கூட்டிச் சொன்னால் இரவு உணவும் கிடைக்கும். அத்தைக்கு இதுவே உத்தமம் என்பேன். ஆனால் இரவில் கதவடைக்கும் நேரத்தைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். இங்கிருந்து இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துச் செல்லலாம். பால்கோவாவையும் நெய்ப்புட்டியையும் இறைச்சிப் பண்டங்களையும் மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவற்றை உள்ளே கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை.

விலையட்டையை அத்தையிடம் கொடுக்க வேண்டா. நீங்களே படித்து, "இது கீரை, இது கோழி, எது வேண்டும்?" என்று கேளுங்கள். ரூபாய்க் கணக்கை இரவு அறைக்கு வந்து கணவரும் நீங்களும் தனியே பார்த்துக்கொள்ளலாம். நான் இரண்டாம் நாள்முதல் இதைத்தான் செய்தேன்.

அன்று பிராத்தியில் ஒரு சிறு விடுதியில், ஏறத்தாழ 10 யூரோவுக்கு, ஆட்டுப்பாற் கட்டியும் மிளகுத்தூளும் மட்டுமே சேர்த்த 'காச்சோ எ பேப்பே' என்னும் பாஸ்தாவை வரவழைத்தேன். தொமிசியான் பேரரசன் காலத்தில் கிழக்கிலிருந்து வந்த மிளகைச் சேமிக்கவே உரோமையின் நடுவில் பண்டகசாலை ஒன்று கட்டப்பட்டிருந்தது என்பதையும், நம் முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய சரக்கு அது என்பதையும் அன்னைக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு கவளம் வாயிலிட்டுச் சிறிது யோசித்தார். பிறகு கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகுப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டின்மேல் தாராளமாகத் தூவிக்கொண்டு முழுவதையும் உண்டு முடித்தார்.