வீட்டுக் கணினியிலேயே முடியும் வேலைகள்

விண்ணப்பக் காலம் வந்துவிட்டால், காத்தான்குடி தொடக்கம் குருக்கள்மடம் ஊடாகக் கல்முனை வரை எந்தக் கொமியூனிகேஷன் கடையிலும் ஒரு கூட்டம் நிற்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்க வேண்டும். கடையிலுள்ள தம்பி அவற்றை ஏதோ ஓர் இணையத்தளத்தில் ஏற்றி, இணைத்து, இறக்கித் தருவார். நம் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முகவரி, படம் யாவும் யாரென்றே தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய் வந்திருக்கும். கடைக் கணினியிலும் ஒரு பிரதி கிடக்கும். மகளின் தொலைபேசியை இரவில் வாங்கி வைக்கும் பெற்றோர் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

பிடிஎஃப்சாம் பேசிக் என்றொரு சிறிய மென்பொருள் உண்டு. காசு இல்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே கோப்புகளை இணைக்கும், பிரிக்கும், தலைகீழான பக்கத்தைத் திருப்பும். ஆவணம் வீட்டு வாசலைத் தாண்டாது. மென்பொருளை அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது வேறெதையும் சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பென் டிரைவிலோ கெமராவின் அட்டையிலோ படங்கள் அழிந்துபோனால் ஃபோட்டோரெக் கைகொடுக்கும். அழித்த படம் உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே இருக்கும். எனவே அந்த அட்டையில் புதிதாக எதையும் பதியாமல், மீட்பதை வேறொரு வட்டில் சேமிக்க வேண்டும். கோப்புகளின் பழைய பெயர்கள் திரும்பக் கிடைக்காது. படங்கள் கிடைத்தால் போதாதா?

ஆனால் என் கவலை நம் எழுத்தைப் பற்றியது. நம் பகுதியில் கல்யாணக் கார்ட், பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை மலர் எனப் பெரும்பாலானவை நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே அடிக்கப்பட்டன. பாமினியில் 'உம்மா' என்று அடித்தால் கணினி அதை உம்மா என்று வைத்திருப்பதில்லை. சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே வைத்திருக்கிறது. பாமினி என்ற உடுப்பைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். உடுப்பில்லாத கணினியில் திறந்தால், பத்து வருடத்துக்கு முந்திய ஒரு தாத்தாவின் கவிதை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அதற்குள் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. யுனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனி இடம் இருக்கிறது. நாம்தான் மெதுவாக வருகிறோம்.

இதற்கும் இலவச வழிகள் உள்ளன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வேர்ட்டர் பாமினியை யுனிகோடாக மாற்றும். இ-கலப்பையை நிறுவினால் பாமினி விசைகளையே அடித்து யுனிகோட் எழுத்தைப் பெறலாம்; கை பழகியவர்கள் புதிதாக எதையும் கற்கத் தேவையில்லை. அச்சுப் பிரதி மட்டும் மிஞ்சியிருந்தால் டெசரக்ட். 1985 முதல் 1994 வரை எச்பி நிறுவனம் உருவாக்கி, 2005 இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து தமிழை வாசித்துத் தரும். பிழைகள் இருக்கும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். முழுப் பக்கத்தையும் மீண்டும் அடிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

களவாகப் பிரதி செய்த ஃபோட்டோஷொப் சீடியைப் பெருமையாகக் கை மாற்றுகிறோம். உரிமையோடு கிடைக்கும் இந்தச் சின்னச் சாமான்களை யாரும் பேசுவதில்லை. விலை இல்லாததற்கு மதிப்பும் இல்லை என்ற எண்ணம் போலும். நம் தகவல் தொழில்நுட்பப் பாடவேளைகளில் ஒன்றையாவது இவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது இந்தக் கரையில் எத்தனையோ கொப்பிகளும் படங்களும் போய்விட்டன. அடுத்த வருடம் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் மலர்களையும் ஸ்கேன் செய்து சேமித்து வருகிறது. நம் சஞ்சிகையின் பழைய இதழ்கள் எத்தனை வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன? பழைய மாணவிகள் ஆளுக்கு ஓர் இதழைக் கொண்டுவந்தால், தமிழ் மன்றத் தங்கைமார் விடுமுறையில் ஸ்கேன் செய்து திருத்தத் தொடங்கலாம். அதற்குக் கல்லூரியின் ஒரு கணினியும் ஒரு ஸ்கேனரும் போதும்.