கையடக்க எக்கோ கருவி நம் கடற்கரை ஊர்களுக்கு வருமா?

கைபேசி அளவே உள்ள அல்ட்ராசவுண்ட் கருவிகள் வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2012-ல் ஹரியானாவின் சிர்சாவில் இவற்றைக் கொண்டு இரண்டே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எக்கோ எடுத்தார்கள். படங்களை இணையம் வழியே பார்த்து, பல நாட்டு மருத்துவர்கள் முடிவு சொன்னார்கள். கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஒரு ஜமாஅத் இதயப் பரிசோதனை முகாம் வைத்தால் அந்தக் கருவியைக் கொண்டுவர முடியுமா?

நினைத்தவுடன் முடியாது. இதயத்தைப் பார்க்கும் கருவியால் கருவையும் பார்க்க முடியும். அதனால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே குறுக்கே வருகிறது. 2012-ல் வந்த விதித் திருத்தப்படி, இத்தகைய கருவியைப் பதிவு பெற்ற மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகள் தரும் பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்தலாம். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டத்தைத் தளர்த்தச் சொல்வது சரியல்ல. ஊர்தி என்ற வழி திறந்திருக்கிறது. அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

யாருக்காகக் கேட்பது? முகாம் என்றதும் மாரடைப்பு பயத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான் முதலில் வரிசையில் நிற்பார்கள். ஆனால் இதய ரத்தக்குழாயில் உள்ள அடைப்பை இந்தக் கருவி நேரடியாகக் காட்டாது. ‘எக்கோ நார்மல்’ என்ற சீட்டை நம்பி நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று ஒதுக்கினால் உயிருக்கே ஆபத்து.

வால்வுக் கோளாறையும் இதயத் தசையின் பலவீனத்தையும்தான் இது நன்றாகக் காட்டும். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். திருமணமாகிக் கர்ப்பமான பிறகு மூச்சுத் திணறும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது. உகாண்டாவில் எக்கோ மூலம் ஆரம்பநிலையிலேயே கண்டறியப்பட்ட 818 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. பென்சிலின் ஊசி போட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் நோய் முற்றியது 0.8 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 8.2 சதவீதம்.

ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் பள்ளிகளுக்கு வருகின்றன. ருமாட்டிக் இதய நோயும் அவர்கள் பார்க்கவேண்டிய பட்டியலில் உண்டு. ஆனால் ஸ்டெதாஸ்கோப்பின் காதுக்கு எட்டாத கோளாறுகள் பல. சந்தேகமுள்ள பிள்ளைகளுக்காவது பதிவு பெற்ற ஊர்தியில் எக்கோ எடுக்க ஏற்பாடு கேட்டு, ஜமாஅத்துகளும் மீனவர் பஞ்சாயத்துகளும் சேர்ந்தே மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுக்கலாம்.

அந்த மனுவில் இன்னொன்றும் இருக்க வேண்டும். நோய் தெரிந்த பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வீதம் பல ஆண்டுகள் ஊசி போட வேண்டும். அந்த மருந்து உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் கூலி வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறப் போவது அந்தப் பிள்ளையின் தாய்தான்.