இளங்கொடி விழும்வரை ஏன் காத்திருக்கிறோம்?

மாடு கன்று போட்டால் இளங்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடக்கூடாது என்பது எம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். கடும்புப்பாலை நிறையக் குடித்தால் கன்றுக்குக் கழியும் என்ற பயம் வேறு. பெரியவர்கள் சொன்னதை எதிர்த்துப் பேசுவது எமக்கு விருப்பமான காரியமல்ல. ஆனாலும் இந்த விடயத்தில் அது பிழை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதக் குழந்தை நோயெதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைத் தாயின் வயிற்றிலிருந்தே கொண்டுவருகிறது. கன்றும் ஆட்டுக்குட்டியும் பன்றிக்குட்டியும் அப்படியல்ல. அவற்றுக்கு அது கடும்புப்பாலில்தான் கிடைக்கிறது. அதிலுள்ள எதிர்ப்புப் புரதங்கள் பெரியவை. பிறந்த சில மணித்தியாலங்களுக்கு மாத்திரமே குடல் அவற்றை முழுதாக இரத்தத்துள் விடும். முதல் 6 மணித்தியாலம் மிக நல்ல நேரம். 24 மணித்தியாலத்தில் அந்தக் கதவு ஏறக்குறைய அடைபட்டுவிடும். இளங்கொடி விழவோ 12 மணித்தியாலம் வரை செல்லலாம். கணக்கை நீங்களே பாருங்கள். உண்மையில் கன்று மடியில் வாய்வைத்தால் தாயின் கருப்பை சுருங்கும். கொடி விழவும் அது உதவி.

முதல் நாளில் கன்றின் நிறையில் பத்திலொரு பங்கு வேண்டும். 20 கிலோக் கன்றுக்கு 2 லீற்றர். 2 கிலோ ஆட்டுக்குட்டிக்கு 200 மில்லிலீற்றர். கடும்பு காய்ச்சிச் சர்க்கரை போட்டுச் சாப்பிட எமக்கும் ஆசைதான். கன்று குடித்து மிஞ்சியதைக் காய்ச்சுவோம்.

குட்டிகளின் குடலுக்கு நல்லதென்று அமினோ அமிலப் பொடிகளும் விற்கிறார்கள். அது முழுப் பொய்யல்ல. குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் வழுவழுப்பான படைக்குத் திரியோனின் நிறைய வேண்டும். குடற்கலங்களுக்குக் குளுற்றமின் எரிபொருள். தாயிடமிருந்து வேளைக்கே பிரித்து, தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் போட்டு வளர்க்கும் பன்றிக்குட்டிக்கு லைசின் குறைவுபடும் என்பதும் மெய். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்கொல்லி சேர்ப்பதை நிறுத்தியபின், பெரிய பண்ணைகள் இவற்றில் கூடிய கவனம் செலுத்தின. ஆனால் தாய்ப்பால் குடிக்கும் கன்றுக்கு இவையெல்லாம் பாலிலேயே உண்டு. முலையை ஒட்டக் கறந்து விற்றுவிட்டு, அந்தக் காசில் பொடி வாங்குவது என்ன கணக்கு? முதல் நாள் தவறியதை எந்தப் பொடியும் திருப்பித் தராது. பொடி கல்லும் மண்ணும்தான். கடும்பில் வருவது கட்டிய சுவர்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எம்மில் உண்டு. அப்படி வந்த குடும்பத்துக்குப் பிறகு கிடைத்த ஒற்றை ஆடு போடும் குட்டி சின்ன விடயமல்ல. ஊரிலென்றால் கிளுவையும் பூவரசும் வேலியிலேயே நின்றன; இரவற் காணியில் முட்கம்பிதான். சினையாட்டுக்குக் குழை தேடி நடக்க வேண்டியிருக்கிறது. நல்ல குழை தின்னாத ஆட்டுக்குக் கடும்பும் குறைவாகவே இறங்கும்.

தாய் செத்துப்போனால், அன்று ஈன்ற அயல்வீட்டு ஆட்டின் கடும்பைக் கேட்டு வாங்குங்கள். அதுவுமில்லையென்றால் மாட்டுக் கடும்பும் உதவும். புதிய இடத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். விடியட்டும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.